அண்ணன் ரிப்போர்ட்டில் ‘எம்எஸ்எச்2 இல்லை’ என்று இருக்கிறது. எங்கள் மற்றவர்களுக்கு என்ன அர்த்தம்?

கடல்காற்று (ஜெலுத்தோங், பினாங்கு) – திங்கள், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தை வெளியே எழுதலாமா என்று ஒரு வாரம் தயங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு 41 வயது. எட்டு மாதமாக ஒரே அசதி, படி ஏறினால் மூச்சு வாங்கும். வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் தேடவில்லை. கடைசியில் பார்த்தால் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. போன மாதம் ஆபரேஷன் முடிந்தது, நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை என்றார்கள்.

ரிப்போர்ட்டில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் ‘காணப்படவில்லை’ என்று ஒரு வரி. டாக்டரைக் கேட்டேன். “ஜெனடிக் கிளினிக்குக்கு லெட்டர் தருகிறேன், போங்கள்” என்றார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை.

அப்பா 47 வயதில் ‘வயிற்றுக் கட்டி’ என்று இறந்தார். அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அத்தைக்கு (அப்பாவின் தங்கை) 49இல் கருப்பையை எடுத்தார்கள். அது புற்றுநோய் என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரியும். அம்மா இதையெல்லாம் யாரிடமும் பேசாதே என்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். அண்ணன் நாசி கண்டார்ச் சோறு நிறையச் சாப்பிட்டதால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படியா? நான் அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொண்டால் போதுமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) – திங்கள், இரவு 11.15

தங்கச்சி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தைரியமாக இருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் இந்த நோய் வரும். எங்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர் ஒன்று எடுத்தார், நன்றாக இருக்கிறார். வேண்டுமானால் விவரம் அனுப்புகிறேன். மஞ்சள், இஞ்சி, நோனி ஜூஸ், இதையும் விடாதீர்கள்.

மெழுகுத்துண்டு (ஆயர் ஈத்தாம், பினாங்கு) – செவ்வாய், காலை 6.20

தங்கச்சி, அண்ணன் நல்லபடியாகத் தேறட்டும். நான் 31 வருஷம் ஆஸ்பத்திரி லேபில் திசு வெட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்று என் கைக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனில் எடுத்த குடலிலிருந்து சின்னத் துண்டை மெழுகில் புதைத்து, 4 மைக்ரான் கனத்தில் சீவுவோம். சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் பாலாடை மாதிரி மிதக்கும். பக்கத்தில் மூச்சு பலமாக விட்டால் சுருங்கிவிடும். கண்ணாடியை அடியில் விட்டு மெல்ல அள்ளி எடுத்து, சாயம் ஏற்றுவோம். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நாலு புரதத்துக்கு நாலு கண்ணாடி. புரதம் இருக்கிற செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாத செல் நீலமாகவே நிற்கும்.

உங்கள் அண்ணனுடையது மாதிரி ஒரு கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஓரத்தில் நல்ல குடல், அதன் குழிகளெல்லாம் பாக்கு நிறம். நடுவில் கட்டி, வெறும் நீலம். அந்த நீலத்துக்குள்ளே பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். அவைதான் வெள்ளையணுக்கள். கட்டிக்குள் புகுந்து சண்டை போட வந்தவை. அவற்றில் பழுப்பு ஏறியிருந்தால்தான் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது, கட்டியில் புரதம் நிஜமாகவே இல்லை என்று நம்புவோம். இப்படிப்பட்ட கட்டிகளில் அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகமாக இருக்கும். சேவைக் காலம் முழுக்கப் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி இது. ஏன் அதிகம் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

குடலின் உள்சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்தான். இந்தப் பக்கம் கோடிக்கணக்கான கிருமி, அந்தப் பக்கம் நம் ரத்தம், நடுவில் அந்த ஒற்றை வரிசையும் அதன் மேல் கொஞ்சம் வழவழப்பான சளிப்படலமும். எந்நேரமும் தேய்வதால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை அந்தச் சுவர் முழுக்கப் புதுசாகிவிடும். குழிகளின் அடியில் இருக்கும் தண்டுச் செல்கள் ஓயாமல் பிரிந்து புதுச் செல்லை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் 300 கோடி எழுத்துள்ள மரபுப் பிரதி ஒன்றை நகல் எடுக்க வேண்டும்.

என் அப்பா பினாங்கில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். ஒரே எழுத்து அடுத்தடுத்து வருகிற இடத்தில்தான் கண் வழுக்கும் என்பார். செல்லும் அங்கேதான் வழுக்குகிறது. ஏஏஏஏஏஏ என்று நீள்கிற இடத்தில் ஒன்று கூடும், ஒன்று குறையும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவைதான் இந்த நாலு புரதங்களும். எம்எஸ்எச்2வும் எம்எஸ்எச்6ம் ஜோடியாகவே வேலை செய்யும். 2 இல்லாவிட்டால் 6 தனியே நிலைக்காமல் சிதைந்துபோகும். அதனால்தான் ரிப்போர்ட்டில் இரண்டும் இல்லை.

திருத்த ஆள் இல்லாமல் போனால் பிழை ஆயிரக்கணக்கில் சேரும். குடல் செல்லுக்கு ‘போதும், வளராதே’ என்ற செய்தியை வாங்கிக்கொள்கிற ஒரு ஜீனில் ஏ என்ற எழுத்து பத்து முறை வரிசையாக வருகிறது. இந்த வகைக் கட்டிகளில் அடிக்கடி அடிபடுவது அதுதான். ஆனால் அதே பிழைகளால் உடம்பு இதுவரை பார்த்திராத கோணல் புரதங்களும் உண்டாகின்றன. காவல் அணுக்களின் கண்ணில் அவை உடனே படும். அந்தப் பழுப்புப் புள்ளிகள் அங்கே கூடுவது அதனால்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எம்எஸ்எச்2 இல்லை என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் காரணம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்பா, அத்தை, அண்ணன் என்று மூன்று பேர். இரண்டு தலைமுறை. ஒருவராவது 50 வயதுக்குள். உங்கள் வீட்டில் மூன்று பேருக்குமே 50க்குள். டாக்டர்கள் இந்த 3-2-1 கணக்கைத்தான் கேட்பார்கள். அத்தையின் கருப்பையும் இதே கணக்கில் சேரும். குடலுக்கு அடுத்தபடி இது தாக்குவது கருப்பையைத்தான்.

நாசி கண்டார்க் கடையைக் குற்றம் சொல்லாதீர்கள். அப்பா இறந்தது, அத்தை இறந்தது... மன்னிக்கவும், அத்தை இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களோடு பேசுங்கள். இன்றே பேசுங்கள்.

மலப் பரிசோதனை உங்களுக்குப் போதாது. அது 50லிருந்து 75 வயது வரை, குறி ஒன்றும் இல்லாத, குடும்பத்தில் இந்த நோய் இல்லாதவர்களுக்காக வைத்தது. அவர்களுக்கு அது மிக நல்ல சோதனை, என் கணவரை இழுத்துக்கொண்டு போய்ச் செய்ய வைத்தேன். ரத்தம் கசிகிற அன்றைக்குத்தான் அது காட்டும். உங்களுக்கு வேண்டியது கொலொனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்ப்பது.

செந்தூல் அண்ணே, உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்தது என்று இந்தத் தங்கச்சியின் அண்ணனிடம் யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணாடியில் அவருடைய எதிர்ப்பு சக்தி கட்டிக்குள்ளேயே நின்று போராடிக்கொண்டிருக்கிறது.

பாகான்படகு (பட்டர்வொர்த்) – செவ்வாய், மதியம் 1.05

அக்கா சொன்னதற்கு மறுபக்கம் என் உடம்பு. எனக்கு 12 வருஷமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். என் எதிர்ப்பு சக்தி என் குடல் சுவரையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. புண் ஆறும், மறுபடி தாக்கும், மறுபடி ஆறும். ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிற சுவரில் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்றுதான் டாக்டர் சொன்னார். நோய் ஆரம்பித்து 8 வருஷம் ஆனதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரைதான் என் மருந்தே. ஒருவர் கொடுத்த ‘சக்தி கூட்டும்’ கேப்சூலை நம்பி அதை நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் ரத்தப் போக்கோடு வார்டில் படுத்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

வெள்ளைஅங்கி (செராஸ், கோலாலம்பூர்) – செவ்வாய், இரவு 9.48

நான் மெடிக்கல் ஆபீசர். அக்கா எழுதியதில் பிழை இல்லை. சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

பாகான் அண்ணன் சொன்ன அழற்சி வழிப் புற்றுநோயில் மரபுப் பிழைகள் விழும் வரிசையே மாறுகிறது. சாதாரணமாகப் பாலிப்பிலிருந்து (குடல் சுவரில் மொட்டு மாதிரி எழும் சின்னச் சதை வளர்ச்சி) வரும் கட்டியில் முதலில் ஏபிசி என்ற ஜீன் கெடும், பிறகு கே-ராஸ், கடைசிப் பக்கம் பி53. இந்தப் படிவரிசையை 1990இல் ஃபியரன், வோகல்ஸ்டைன் இருவரும் எழுதினார்கள். அழற்சியில் பி53 முந்திக்கொள்ளும். பாலிப் என்று எழுந்து நிற்காமல் தட்டையாகவே மாற்றம் வரலாம். அதனால்தான் அவருக்குக் கேமரா பார்க்கும்போது கண்ணுக்கு நல்ல சுவர் மாதிரித் தெரிகிற இடத்திலும் துண்டு எடுப்பார்கள்.

கடல்காற்று அக்கா, முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் அண்ணன். அவருடைய ஜீனில் எந்த எழுத்தில் பழுது என்று கண்டுபிடித்த பிறகு, நீங்களும் தங்கையும் அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தால் போதும். உங்களுக்கு அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. வராமலிருக்கவும் அதே 50. வரவில்லை என்றால் நீங்கள் மற்றவர்களைப் போலத்தான், உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகாது. சில வீடுகளில் எம்எஸ்எச்2 நன்றாக இருந்தும் பக்கத்தில் இருக்கும் எப்கேம் ஜீனின் வால்பகுதி அறுந்து, அதனால் இது வாயடைத்துப் போயிருக்கும். ஜெனடிக் கிளினிக்கில் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

வந்திருந்தால்? எம்எஸ்எச்2 பழுதுள்ளவர்களில் 75 வயதுக்குள் குடல் புற்று வருகிறவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். பெண்களுக்குக் கருப்பைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேமரா பார்த்துப் பாலிப்பை எடுத்தால் பலருக்கு அது வராமலே போகும், வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே கையில் கிடைக்கும். மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டால் காத்திருக்காதீர்கள். இனிப் பிள்ளை வேண்டாம் என்றால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பற்றி ஸ்பெசலிஸ்ட் பேசுவார்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. காவல் அணுக்கள் அங்கே கூடியும் கட்டி ஏன் வளர்கிறது? கட்டி அவற்றின் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கிறது. பிடி-1 என்பது அந்தப் பிரேக். அதைக் கண்டுபிடித்த ஹோன்ஜோவும், இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரேக்கை விடுவிக்கிற பெம்ப்ரோலிஸுமாப் போன்ற ஊசிகள், எழுத்துத் திருத்தம் கெட்ட கட்டிகளில் நன்றாக வேலை செய்கின்றன. 2022இல் நியூயார்க்கில் இதே வகை மலக்குடல் கட்டி உள்ள முதல் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கே தெரியாமல் போனது. ஆனால் குடல் புற்று உள்ள எல்லாருக்கும் இது பொருந்தாது. மொத்தக் கட்டிகளில் சுமார் 15 சதவீதம்தான் இந்த வகை, பரவிய நிலையில் அது இன்னும் குறைவு. மற்றக் கட்டிகளில் இந்த ஊசி பெரும்பாலும் பலிப்பதில்லை. விலையும் அதிகம். வாட்சப்பில் வந்ததை நம்பி வீட்டை விற்கக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாலு சாயத்தின் ரிப்போர்ட் கையில் இல்லாமல் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்குக் கட்டி பரவாததால் இப்போது ஊசிக்கே அவசியம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய டாக்டர் சொல்வதுதான் முடிவு.

தோட்டத்துப்பிள்ளை (நிபோங் திபால்) – புதன், காலை 7.30

பிள்ளைகளே, எனக்கு 68 வயது. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்தான் கட்டிக்கொடுத்தோம். நானும் அக்காள் மகளைத்தான் கட்டினேன். இது ரத்தத்தில் வருகிற நோய் என்றால் சொந்தத்தில் கட்டியதால் கூடுமா? பேரப்பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மெழுகுத்துண்டு – புதன், காலை 8.10

ஐயா, கேட்டது நல்லது. லிஞ்ச் வர ஒரு பக்கத்துப் பழுது போதும், அப்பா அல்லது அம்மா. அதற்குச் சொந்தம் என்ன, அந்நியம் என்ன. ஆனால் இரண்டு பக்கமும் பழுது சேர்ந்தால்தான் வருகிற வகைகளும் உண்டு. மியூட்டிஒய்எச் என்ற ஜீனால் பாலிப் நிறைய வருவது அப்படி ஒன்று. அங்கே சொந்தத்தில் கட்டுவது வாய்ப்பைக் கூட்டும். லிஞ்ச் உள்ள குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பேரும் அதே பழுதோடு கட்டிக்கொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் கெட்டுப் பிறக்க வாய்ப்பு. அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ புற்று வரலாம். அது அபூர்வம். உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்றால் நீங்கள் தூங்கலாம் ஐயா. கடல்காற்றுத் தங்கச்சி வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது சொந்தத்தில் என்றால் மட்டும் ஜெனடிக் கிளினிக்கில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. அமெரிக்காவில் 1895இல் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லாரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் இறக்கிறோம், நானும் அப்படித்தான் போவேன் என்று வார்தின் என்ற டாக்டரிடம் சொன்னார். சொன்ன மாதிரியே கருப்பைப் புற்றில் இளம் வயதில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தைத் தேடித் தேடி எழுதி 1913இல் வெளியிட்டார். பின்னால் லிஞ்ச் என்ற டாக்டர் அதைத் தொடர்ந்தார். 1993இல் எம்எஸ்எச்2 ஜீன் கிடைத்தது. அந்தத் தையல்காரப் பெண்ணின் குடும்பத்தில் இருந்ததும் அதே எம்எஸ்எச்2 பழுதுதான். உங்கள் அண்ணன் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே பெயர், தங்கச்சி. அந்த அம்மா அன்றைக்கு வாயைத் திறந்ததால்தான் இன்றைக்கு உங்களுக்குக் கேமரா பார்க்கச் சொல்ல ஆள் இருக்கிறது.

செந்தூல்வாசி – புதன், இரவு 10.02

அக்கா, பாகான் அண்ணன், இரண்டு பேர் எழுதியதையும் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். பவுடர் விஷயத்தில் என் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லையா? அதை மனசு ஏற்க மாட்டேன் என்கிறது.

வெள்ளைஅங்கி – புதன், இரவு 11.30

இருக்கிறது அண்ணே, நிறையவே இருக்கிறது. குடல் புற்று வருகிற பெரும்பாலோருக்குப் பரம்பரைப் பழுது கிடையாது. லிஞ்ச் என்பது நூற்றில் மூன்று பேர் அளவுக்குத்தான். மலேசியாவில் குடல் புற்றுதான் ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய். நம் ஆட்கள் பலர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

கீரை, பருப்பு, தவிடு நீக்காத தானியத்தில் இருக்கிற நார் நமக்குச் செரிக்காது. பெருங்குடலின் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்ரேட் என்ற அமிலமாக்கும். குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், அழற்சியையும் அது தணிக்கும். நார் கிடைக்காத கிருமிகளில் சில, சளிப்படலத்தையே தின்ன ஆரம்பிக்கும். சாசேஜ், ஹாட்டாக் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் முதல் பிரிவில், அதாவது புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்தது. தினமும் 50 கிராம் தின்றால் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. சில வகை ஈ-கோலை கிருமிகள் கொலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது மரபுப் பிரதியில் விட்டுப்போன கீறலைக் குடல் கட்டிகளுக்குள்ளேயே பார்த்துவிட்டார்கள்.

இன்னொன்று. லிஞ்ச் உள்ள 861 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு, பல வருஷம் கழித்துக் குடல் புற்று குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். வயிற்றில் ரத்தம் கசியும். நம் ஊரில் டெங்கி வேறு. டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எடுக்கலாமா, எவ்வளவு என்று ஸ்பெசலிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

கடல்காற்று – ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

அக்கா, டாக்டர், எல்லாருக்கும். பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டார், முடிவு இன்னும் வரவில்லை. அதற்குக் காத்திருக்காமல் எனக்குக் கேமரா பார்த்துவிட்டார்கள். இனிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று நாள் முன்னாலிருந்தே கீரை, கொய்யா, டிராகன் பழம், விதையுள்ள எதுவும் கூடாது. வெள்ளை ரொட்டியும் கஞ்சியும்தான். அதற்கு முந்தின நாள் வெறும் தெளிந்த பானம்தான். மைலோ கூடாது, தே ஓ (பால் இல்லாத டீ) குடிக்கலாம். சிவப்பு சிராப் குடிக்காதீர்கள், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியுமாம். குடலைக் கழுவுகிற அந்த மருந்துத் தண்ணீர் உப்பும் எலுமிச்சையுமாக ஒரு ருசி. குளிர வைத்து, உறிஞ்சு குழாயால் குடித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே வருவது தண்ணீர் மாதிரி தெளிவான பிறகுதான் நின்றது.

வலது பக்கம் இரண்டு பாலிப். பெரியது 9 மில்லிமீட்டர். எடுத்துவிட்டார்கள். புற்றாக மாறவில்லை. டாக்டர் திரையில் காட்டினார். சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று சுவர், அதில் ஒரு சின்ன மொட்டு. ஒற்றை வரிசைச் செல் என்று அக்கா எழுதியதை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அத்தை இருக்கிறார்கள் அக்கா. சுங்கைப் பட்டாணியில். போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காரில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையைப் பார்த்ததும் அம்மாதான் முதலில் கேட்டார், “உனக்கு என்ன சொன்னாங்க அப்ப?” என்று. அத்தை உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் ஆபரேஷன் ரிப்போர்ட் மடித்தபடி இருந்தது. இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையாம், அவராகவும் சொல்லவில்லை. அத்தைக்கு இரண்டு மகன்கள், பெரியவருக்கு 38. இரண்டு பேரும் லெட்டர் வாங்கிவிட்டார்கள்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குடும்பப் படம் வரைந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. தாத்தா இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அவர் தோட்டத்தில் 44 வயதில் ‘வயிற்றுப்போக்கில்’ இறந்தார் என்று மட்டும் அத்தைக்குத் தெரியும். கேள்விக்குறி போட்டேன். அப்படிப் போடலாமா?

மெழுகுத்துண்டு – ஞாயிறு, மாலை 6.05

போடலாம் தங்கச்சி. பக்கத்தில் 44 என்று வயதையும் எழுதுங்கள். தாளை மடிக்காமல் கொண்டுபோங்கள். அத்தையின் ரிப்போர்ட்டில் லேப் எண் ஒன்று இருக்கும், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மெழுகுக் கட்டியை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பது வழக்கம். இன்னும் இருந்தால் அதிலிருந்து ஒரு சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம்.

தங்கை எப்போது ரத்தம் கொடுக்கப் போகிறாள்?

கடல்காற்று – ஞாயிறு, மாலை 6.11

அண்ணன் முடிவு வந்த மறுநாள். அம்மாவே தேதியைக் கேட்டு வைத்திருக்கிறார்.